அணைத்துவிட்ட தீயை யார் எழுதுவது?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அலுவலக வேலையில் இருக்கிறேன். சுமார் நாற்பது பேர். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள், மீதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். போன சீசனில் தேயிலையை உலர்த்தும் டிரையரில் இரண்டு தடவை தீப்பிடித்தது. முதல் தடவை ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். யாரும் எதிலும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடி பிடித்தபோது காற்று போகும் டக்ட் எரிந்து ஆறு நாள் ஓட்டம் நின்றுவிட்டது. என் அண்ணன் மகன் கூடங்குளத்தில் வேலை செய்கிறான். "எங்க இடத்துல வால்வுல கட்டுன பேர்ச்சீட்டு விழுந்து கிடந்தாக்கூட எழுதிப் போடணும் அத்தை" என்கிறான். முதலாளியிடம் சொன்னேன். "அப்போ நீயே ஒரு நோட்டு போடும்மா" என்றுவிட்டார். அணுமின் நிலையத்தில் உண்மையில் என்னதான் எழுதுகிறார்கள்? நாங்கள் எதை எழுதுவது? எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஆட்கள் பயப்படுகிறார்களே, அதற்கு என்ன வழி?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தொழிற்சாலையில் நடந்ததைப் போலவே ஓர் அணுமின் நிலையத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி என்ற நிலையம். கேபிள்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க அங்கே மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுடர் சாய்ந்தால் கசிவு. 1975 மார்ச் 22 அன்று அந்தச் சுடர், ஓட்டையை அடைக்க வைத்திருந்த ஃபோமில் பற்றிக்கொண்டது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் கருகின. ஒன்றாம் உலையின் அவசரக் குளிர்விப்புக் கருவிகள் கைகொடுக்கவில்லை. வேறு பம்புகளை வைத்து உலையைக் காப்பாற்றினார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், அதே மெழுகுவத்திச் சோதனையில் அதே மாதிரி ஒரு சின்னத் தீ பிடித்து, அணைக்கப்பட்டிருந்தது. ஷிஃப்ட் பதிவேட்டில் அது ஏறியது, பொறுப்பாளர்கள் கூடியபோது பேச்சிலும் வந்தது. ஆனால் மெழுகுவத்தியை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே நோட்டுப் போடுவதோடு உங்கள் வேலை முடியாது. எழுதியதை மறுநாள் படிக்க ஓர் ஆள், பதில் சொல்ல ஒரு தேதி, இந்த இரண்டும் இல்லாத நோட்டு தூசி படியத்தான் உதவும்.

அடுத்து, எழுதியது போக வேண்டியவரிடம் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1977 செப்டம்பர் 24 அன்று ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று அளவுகோல் காட்டியதால், தானாக ஓடத் தொடங்கிய அவசரத் தண்ணீரை இயக்குபவர்கள் நிறுத்திவிட்டார்கள். உலை அப்போது ஏறத்தாழ 9 சதவீதச் சக்தியில்தான் ஓடிக்கொண்டிருந்தது, தப்பித்தது. உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர்கள், 'இப்படி நேர்ந்தால் தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்று எல்லா நிலையங்களுக்கும் எழுத வேண்டும்' என்று உள்ளுக்குள் குறிப்பு அனுப்பினார்கள். அந்தக் குறிப்பு மேசை மேசையாகச் சுற்றியதே தவிர, நிலையங்களுக்குப் போகவில்லை. 1979 மார்ச் 28 அன்று, அதே நிறுவனம் வடிவமைத்த திரீ மைல் ஐலண்ட் இரண்டாம் உலையில் அதே வகை வால்வு, அதே சிக்கல், அதே தவறான முடிவு. இம்முறை உலை ஏறத்தாழ முழுச் சக்தியில் இருந்தது. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழ பாதி உருகியது.

அந்த விபத்தில் இன்னொரு சிறு விவரம் உங்கள் நோட்டுக்கு நேரடியாக உதவும். வால்வு மூடியதா என்பதற்கு ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்தது; மூடிவிட்டது என்று நம்பினார்கள். உண்மையில் அந்த விளக்கு, 'மூடு' என்ற கட்டளை போனதைக் காட்டியதே தவிர வால்வு மூடியதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வால்வு திறந்தே கிடந்தது. உங்கள் ஆட்களுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்: 'சுவிட்சை அணைத்தேன்' என்பது வேறு, 'ரோலர் நின்றதைக் கண்ணால் பார்த்தேன்' என்பது வேறு. நோட்டில் எது நடந்ததோ அதை மட்டும் எழுத வேண்டும்.

அணுமின் நிலையத்தில் எழுதுவது இரண்டு தடத்தில் போகும். ஒன்று வெளியே போவது. இந்தியாவில் 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு, வகுத்துவைத்த பட்டியலில் உள்ள நிகழ்வு எது நடந்தாலும் முதல் தகவல் உடனே போக வேண்டும், ஆய்ந்தெழுதிய அறிக்கை பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் நிகழ்வின் தீவிரத்தைப் பொறுத்து 1 மணி, 4 மணி, 8 மணி நேரத்துக்குள் தொலைபேசித் தகவல், 60 நாளுக்குள் எழுத்து அறிக்கை என்று வைத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையில் காரணம், பாதுகாப்பு விளைவு, சரிசெய்த விதம் இவற்றோடு ஒரு கட்டாயக் கேள்வியும் உண்டு: இதே போல முன்பு நடந்திருக்கிறதா? எனக்குக் கேட்டால், மொத்த அறிக்கையிலும் உயிரான இடம் அதுதான்.

இரண்டாவது தடம் உள்ளுக்குள்ளேயே சுற்றுவது. உங்கள் அண்ணன் மகன் சொன்ன பேர்ச்சீட்டு இந்தத் தடத்தில் வரும். சொட்டும் மூட்டு, தவறான எண் ஒட்டிய வால்வு, இரண்டு மீட்டரில் இரண்டு அளவு, படி தவறவிருந்து தவறாத கால்: யாருக்கும் காயமில்லாத, எதுவும் நிற்காத சின்ன விஷயங்கள். ஒரு பெரிய நிலையத்தில் இவை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சேரும். தினமும் காலையில் ஒரு சிறு குழு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்து, எவ்வளவு தீவிரம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று பிரிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் போடுவதால், 'இந்தப் பம்பில் இந்த வருடம் எத்தனை' என்று பின்னால் எண்ண முடிகிறது. பேர்ச்சீட்டு விழுந்தது அற்பமாகத் தெரியலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சீட்டில்லாத இரண்டு வால்வுகளுக்கு முன்னால் நிற்பவர் எதைத் திருப்புவார்?

இனி உங்கள் டிரையருக்கு வருகிறேன். உங்கள் தொழிற்சாலையில் நோட்டு இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். குறைந்தது மூன்று இருக்கும். ஜெனரேட்டர் அறையில் ஒரு நோட்டு: கரண்ட் போன நேரம், ஜெனரேட்டர் போட்ட நேரம், டீசல். தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் ஒன்று: தூளை ஊற்றிச் சுவைத்துப் பார்த்து எழுதிய குறிப்பு. ஏலத்துக்கு அனுப்பும் தரகரிடமிருந்தும் அதற்கேற்ப ஒரு தாள் வரும். மூன்றாவது, அலுவலகத்தில் நீங்களே வைத்திருக்கும் விபத்துப் பதிவேடு. இந்த மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, தீப்பிடித்த இரண்டு நாள்களுக்கு முந்தைய ஒரு மாதத்தைத் தேதிவாரியாகப் படியுங்கள். நான் எதிர்பார்ப்பது இதுதான்.

ஆனி, ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போகிறது. டிரையருக்குச் சூடான காற்றைத் தரும் ஹீட்டரில் கற்பூர மரமும் சீகையும் தகதகவென்று எரிந்துகொண்டிருக்கிறது. விசிறி நின்றுவிட்டது, விறகு நிற்காது. அடுப்புப் புகை உள்ளே ஓடும் குழாய்களுக்கு வெளியே ஓடி வெப்பத்தை எடுத்துப்போக வேண்டிய காற்று இல்லாததால் குழாய் இரும்பு அளவுக்கு மேல் காய்ந்து வளைகிறது, வெல்டிங் வைத்த மூட்டு விட்டுக்கொடுக்கிறது, மயிரிழை விரிசல் விழுகிறது. ஜெனரேட்டர் போட்டு ஓட்டம் தொடர்ந்ததும் யாருக்கும் எதுவும் தெரியாது. டிரையர் விசிறி பெரும்பாலும் ஹீட்டருக்கு அப்பால் நின்று காற்றை இழுப்பதால், விரிசல் வழியாகப் புகையும் உள்ளே இழுபடும். சில நாளில் டீமேக்கர் நோட்டில் 'லேசாகப் புகை வாடை' என்று ஒரு வரி ஏறும். தரமாக வந்த கொழுந்தைக் குறை சொல்வார்கள், ஈர விறகைக் குறை சொல்வார்கள். விரிசல் பெரிதாகிறது. புகையோடு இப்போது தீப்பொறியும் வருகிறது. டிரையரின் சல்லடைத் தட்டுக்கு அடியிலும் டக்ட்டின் வளைவிலும் படிந்துகிடக்கும் தேயிலைப் பஞ்சு, 120-140 டிகிரிக் காற்றில் நன்றாகக் காய்ந்து காத்திருக்கிறது.

கரண்ட் போனது மின்சாரக்காரர் கவலை, புகை வாடை டீமேக்கர் கவலை, தீ, அடுப்பில் விறகு போடும் ஃபயர்மேன் கவலை. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது யாருக்கும் வேலையாக இல்லை. கரண்ட் போனாலும் வெப்பம் நிற்காது என்ற சிக்கல் அணு உலைகளிலும் உண்டு. அணு உலையை நிறுத்திய கணத்திலும் முழுச் சக்தியில் 6 முதல் 7 சதவீதம் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அங்கே 'கரண்ட் போனது' என்ற தகவல் தானே ஒரு பாதுகாப்பு நிகழ்வு. உத்தரப் பிரதேசத்தின் நரோரா நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலை டர்பைன் இறக்கைகள் இரண்டு முறிந்து, ஹைட்ரஜன் பற்றி, கேபிள்கள் எரிந்து, சுமார் 17 மணி நேரம் முதலாம் அலகுக்கு மின்சாரமே இல்லாமல் போனது. தீயணைப்புக்கென்று வைத்திருந்த டீசல் பம்புகளை ஓட்டித்தான் உலையைக் குளிரவைத்தார்கள். மாற்று ஏற்பாட்டுக் கேபிள்களும் முதன்மைக் கேபிள்களும் ஒரே வழியில் போனதால் எல்லாம் சேர்ந்தே எரிந்தன.

உங்கள் ஹீட்டரில் இந்த வாரமே ஒன்று செய்யலாம். ஹீட்டர் ஆறிக்கிடக்கும் ஓர் இரவில், அடுப்புப் பக்கம் பளிச்சென்ற பல்பு ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, காற்றுப் பக்கத்துக் கதவைத் திறந்து இருட்டில் பாருங்கள். விரிசல் இருந்தால் ஒளிக்கோடு தெரியும். மெழுகுவத்தி வேண்டாம், காரணம் மேலே சொல்லியாயிற்று. ஒளி தெரியாத வளைவுகளுக்கு இன்னொரு வழி: டிரையரில் இலை இல்லாத நேரத்தில் அடுப்பில் சிறு தீ மூட்டிப் பச்சை இலை போட்டுப் புகையை எழுப்பி, விசிறியை ஓட்டி, சூடான காற்று வரும் வாயில் ஈர வெள்ளைத் துணி பிடித்துப் பாருங்கள். துணியில் கரி ஏறினாலோ புகை மணத்தாலோ குழாய் ஓட்டைதான். கரண்ட் போனால் செய்ய வேண்டியதையும் ஹீட்டர் பக்கத்திலேயே எழுதி மாட்டுங்கள்: விறகு போடுவதை நிறுத்து, புகையைக் குழாய்க்குள் விடாமல் நேரே புகைபோக்கிக்குத் திருப்பும் தட்டு இருந்தால் திற, ஜெனரேட்டரில் முதல் இணைப்பு டிரையர் விசிறிக்கு, விளக்குகளுக்கு அப்புறம். டிரையருக்குள் தீயே பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ்: இலை போடுவதையும் விசிறியையும் முதலில் நிறுத்தியாக வேண்டும், காற்றுக் கிடைத்தால் தீ வளரும். அதனால் அணைத்த ஒவ்வொரு தீக்குப் பிறகும் ஹீட்டர் குழாய் காய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, மறுபடி ஓட்டுமுன் பல்பு சோதனை செய்யுங்கள். உங்கள் முதல் தீக்கும் இரண்டாம் தீக்கும் இடையில் இந்தச் சோதனை நடந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இப்போது சீட்டு. பெரிய பதிவேடு வேண்டாம். வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகம் அச்சகத்தில் அடித்துத் தருவார்கள். அரைப்பக்க அளவு போதும். எண் இருந்தால்தான் ஒன்று கிழித்துப் போடப்பட்டால் தெரியும். ஒரு படி எழுதியவருக்கு, ஒரு படி உங்களுக்கு. கேட்க வேண்டியவை: என்ன பார்த்தீர்கள், கேட்டீர்கள் அல்லது மணந்தீர்கள்; எந்த மெஷின், எத்தனை மணி; அப்போது மெஷின் தொடங்கிக்கொண்டிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா, கழுவிக்கொண்டிருந்தீர்களா; உடனே என்ன செய்தீர்கள், இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது; முன்பு இப்படி நடந்ததுண்டா. 'ஏன் நடந்தது' என்ற கட்டத்தைப் போடாதீர்கள். போட்டால் பத்துக்கு ஒன்பது சீட்டில் 'கவனக்குறைவு' என்று வரும், அதோடு யோசனை நின்றுவிடும்.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று, எதிரில் உள்ளது 700 சுற்று என்ற கணக்கில் ஓடுவது வழக்கம். இலை அடைத்துக்கொண்டால் குச்சியால் தள்ள வேண்டும்; அவசரத்தில் விரலால் தள்ளுவார்கள். விரல் நுனி உரசித் தப்பித்தால் அது 'கவனக்குறைவு'. ஆனால் நேரில் போய் நின்று பாருங்கள்: குச்சி எங்கே இருக்கிறது? மூடியைக் கழற்றாமல் அடைப்பை எடுக்க முடியுமா? நிறுத்தும் சுவிட்சு எட்டுகிறதா, சுற்றி வர வேண்டுமா? சுவிட்சை அணைத்த பிறகு 700 சுற்று ரோலர் நிற்க எத்தனை நொடி ஆகிறது? கடிகாரம் வைத்து அளந்து அந்த எண்ணை மெஷினிலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். அணுமின் நிலையங்களில் ஆய்வுக்குழு இப்படித்தான் கேட்கும்: இதைத் தடுக்க எந்த எந்தத் தடுப்பு இருந்திருக்க வேண்டும், அவற்றில் எது இல்லை, எது இருந்தும் வேலை செய்யவில்லை.

காலை ஷிஃப்ட் மாறும்போது டீமேக்கர், ஃபிட்டர், மின்சாரக்காரர், தொழிலாளர் சார்பில் ஒருவர் (மாதம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள்), நீங்கள் என ஐந்து பேர் பத்து நிமிடம் நின்றபடியே சீட்டுகளைப் படியுங்கள். மெஷினை இப்போதே நிறுத்துவதா, இன்றே சரிசெய்வதா, வாராந்திரக் கழுவல் நாளுக்குத் தள்ளுவதா, எண்ணிக்கைக்கு மட்டும் வைப்பதா? ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். ஏழு நாளுக்குள் எழுதியவரிடம் நேரில் போய் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். 'செய்ய முடியாது, காரணம் இது' என்பதும் பதில்தான். ஒரே மெஷின், ஒரே மாதிரிச் சிக்கல், ஒரு மாதத்தில் மூன்று சீட்டு என்றால் மூன்றையும் ஒரு பெரிய சம்பவமாக எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போங்கள். டீமேக்கரின் 'புகை வாடை' வரியும் இனி ஒரு சீட்டு. அஞ்சு நிமிடத்துக்கு மேல் கரண்ட் போனாலும் ஒரு சீட்டு.

நாற்பது பேர் உள்ள இடத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று சீட்டு வந்தால் நல்ல அறிகுறி. ஒன்றுமே வராத மாதம்தான் கவலைக்குரியது.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாயால் சொல்லும் உறுதி போதாது, முதலாளி கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்: தானாக எழுதிக் கொடுத்த தவறுக்குச் சம்பளப் பிடித்தமோ மெமோவோ கிடையாது, எழுதாமல் மறைத்தது தெரிந்தால் உண்டு. இதற்கு விலக்கும் அதே தாளில் இருக்கட்டும்: குடித்துவிட்டு மெஷினைத் தொடுவது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றி ஓட்டுவது, பொய்யாக எழுதுவது. அணுமின் துறையிலும் இந்தக் கோடு உண்டு. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில், ஊழியர்களிடம் வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ச் சோதனையில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கூடுதலாக இருந்தது தெரிந்து தேடியபோது, ஒரு குடிநீர்க் குளிரூட்டியில் அது கலந்திருந்தது. வேண்டுமென்றே செய்த வேலையாக இருக்கலாம் என்று அரசே சொன்னது. விஷயம் காவல்துறைக்குப் போனது. அது சீட்டு எழுதித் தீர்க்கும் காரியமல்ல. கவனியுங்கள், அங்கே யாரும் புகார் கொடுக்கவில்லை, வாடிக்கையான சோதனைதான் காட்டிக்கொடுத்தது. உங்களுக்கும் அப்படி ஒரு வாடிக்கை இருக்கட்டும்: வாரம் ஒரு நாள் நீங்களும் ஃபிட்டரும் சல்லடைத் தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பஞ்சு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பாருங்கள்.

முதல் மாதத்தில் டீமேக்கரும் ஃபிட்டரும் தங்கள் கையால் ஆளுக்கு இரண்டு சீட்டாவது எழுத வேண்டும், தங்கள் தவறையும் சேர்த்து. மேலே இருப்பவர் எழுதாத இடத்தில் ரோலர் ஓட்டுபவர் எழுதமாட்டார். தமிழ் எழுதத் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும்; இந்தியில் வந்தாலும், படுக மொழியில் வந்தாலும், கேட்டு நீங்கள் சீட்டில் ஏற்றி, எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டிவிடுங்கள். மெஷின்களுக்குப் பெரிய எண்ணும் நிறமும் அடித்துவைத்தால் 'மூணாம் நம்பர், சிவப்பு' என்று சொன்னாலே புரியும். மேஸ்திரி வழியாகச் சீட்டு வரக் கூடாது. மேஸ்திரி நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் தனக்கு வேலை கொடுப்பவர் கையில் தன் தவறை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இந்தச் சீட்டு சட்டக் கடமைக்கு மாற்றல்ல. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு உரிய படிவத்தில் தகவல் போயாக வேண்டும். காயமே இல்லாவிட்டாலும், சட்டம் அபாய நிகழ்வு என்று பட்டியலிட்டவற்றுக்கும் அறிவிப்பு உண்டு. உங்கள் இரண்டாவது தீ அதில் வருமா என்று ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அண்ணன் மகனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் கூடங்குளத்தில் ஓர் உலை நின்றது என்று செய்தி வந்தால் வீட்டில் பதறுவது இயல்பு. ஏதாவது ஓர் அளவு எல்லை தாண்டினால் உலை தானாக நிற்பது அதன் வேலை. அது நின்றது விபத்து ஆகாது. செய்தியில் அணு நிகழ்வுகளுக்கான சர்வதேச அளவுகோலின்படி எத்தனையாவது நிலை என்று இருக்கிறதா பாருங்கள். பூஜ்யம் என்றால் பாதுகாப்புக்குப் பொருட்டல்லாத விலகல், 1 முதல் 3 வரை சம்பவம், 4-இலிருந்து விபத்து. நரோரா 3, திரீ மைல் ஐலண்ட் 5, செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. உங்கள் தொழிற்சாலைக்கு இந்த எண்ணெல்லாம் வேண்டாம்.

தை, மாசியில் பனி விழுந்து கொழுந்து வரத்துக் குறையும்போது ஹீட்டரை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். குழாய்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒரு தாளில் படம் போடுங்கள். எது மாற்றியது, எது பற்றவைத்தது, எது வளைந்திருக்கிறது என்று தேதியோடு குறியுங்கள். படத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஹீட்டர் அறையில் மாட்டிவிட்டால், ஆனிக் காற்றில் கரண்ட் போன மறுநாள் ஃபிட்டர் எந்த வரிசைக் குழாயை முதலில் பார்க்க வேண்டும் என்று தேட வேண்டியிராது.